எல்லோர் குரலிலும் கூப்பிட்ட குருவி

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மலைமுகட்டுக்குக் கிழக்கே யானைகளின் காடும் மேற்கே கடமான்களின் காடும் இருந்தன. உப்பு மண் நக்கும் பள்ளம் யாருக்கு என்று தொடங்கிய சண்டையில் முகடே எல்லையாகிவிட்டது. அந்தப் பக்கத்துக் குரல் கூப்பிட்டால் இந்தப் பக்கம் காதைத் திருப்பக் கூடாது. அடுத்தவர் குரலில் பேசினாலோ, காட்டைவிட்டே துரத்திவிடுவார்கள்.

இரண்டு கூட்டமும் தீக்குப் பயந்தவைதான். மாசி பிறந்ததும் யானைகள் தங்கள் காட்டுச் சருகையெல்லாம் கூட்டி முகட்டின் உச்சிக்குத் தள்ளின. கடமான்களும் தங்கள் பக்கத்தில் அதே வேலையைப் பார்த்தன. இரு காடும் பளிச்சென்று இருந்தன. நடு முகட்டில் மட்டும் சருகு யானையின் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அப்படியொரு புத்திசாலித்தனம்!

குவியலுக்கு நடுவே நின்ற வேங்கை மரத்தில் இரட்டைவால் குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. மண்ணிறக் குருவி, கிழக்கே பிறந்தது. கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள் மூன்று.

பங்குனியில் ஒரு மத்தியானம், மேற்குச் சரிவின் அடியில் மூங்கில் உரசித் தீப்பிடித்தது. குருவி பதறிப்போய்ப் பெரிய யானையிடம் பறந்தது.

"ஆத்தா, மேக்கால தீ! குவியலைத் தொட்டுச்சுன்னா எம்பிள்ளைக பொசுங்கிரும்."

"அது அவுக காடு. நமக்கென்ன வந்துச்சு? போ போ."

கடமான்களிடம் போனது. பாறை மறைத்ததால் அவற்றுக்குப் புகை தெரியவில்லை. கிழக்கத்திக் குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு அசைபோட்டன.

குருவி கூட்டுக்குத் திரும்பியது. குஞ்சுகள் வாயைப் பிளந்து இரை கேட்டன. அதற்கு அழுகையே வந்துவிட்டது. துரத்தினால் துரத்தட்டும் என்று மேற்கே பார்த்துக் கடமானின் அபாயக் குரலில் கத்தியது. உடனே கிழக்கே திரும்பி, பள்ளத்தில் விழுந்த யானைக்கன்று போல அலறியது. தினமும் இரு பக்கமும் கேட்டுப் பழகிய குரல்கள். தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

இரு கூட்டமும் முகட்டுக்கு ஓடிவந்தன.

"எங்க கன்னுக்குட்டி குரல்ல கூப்பிட்டது யாருடி?" என்று பெரிய யானை சீறியது. அதற்குள் மேற்கே நெருப்பு பாறையைத் தாண்டி ஏறுவதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

சருகை அகற்றினால்தான் தீ நிற்கும். மேற்கே தள்ள முடியாது, தீ வருவதே அங்கிருந்துதான். கடமான்களில் மூத்தது தயங்கியது. "ஆத்தா, இதுல பாதி எங்க சருகு..."

"எது யாரு சருகுன்னு இப்பப் பிரிச்சுக்கிட்டா இருக்க முடியும்? எல்லாத்தையும் எங்க பக்கமே இழுங்க. கீழ இருக்குற ஓடைச் சேத்துல தள்ளுவோம். இறங்கி வாங்கய்யா!"

அன்றுதான் கடமான்கள் முகட்டைத் தாண்டின. யானைகள் மரக்கிளையை ஒடித்துக் கூட்டின. கடமான்கள் கொம்பால் வாரிக் குளம்பால் வெறும் மண்ணாகும்வரை சுரண்டின. தீ முகட்டுக்கு வந்து, பற்ற ஏதுமில்லாமல் நின்றது. வேங்கையடியில் மிஞ்சிய சருகு மட்டும் குப்பென்று பற்றியது. கடமான்கள் மண்ணை வாரி அடிக்க, யானைகள் சேற்றை வாரி ஊற்றின.

புகை விலகியபோது குருவி கூட்டின் மேல் சிறகை விரித்தபடியே இருந்தது. உடம்பெல்லாம் கரி. குஞ்சுகளில் இரண்டு பிழைத்தன. மூன்றாவதை அது வெகுநேரம் அலகால் அசைத்து அசைத்துப் பார்த்தது.

அடுத்தவர் குரலில் பேசிய குற்றத்துக்காக யாரும் அதைத் துரத்தவில்லை. பெரிய யானை கிட்டே வந்து சொன்னது: "நீ உன் குரல்ல வந்து சொன்னப்ப நான் கேட்டிருந்தா, உனக்கு மூணும் இருந்திருக்கும். எங்க குரலை நீயே வச்சுக்க, தாயி. எந்தப் பக்கம் எரிஞ்சாலும் கூப்பிடு. வர்றோம்."

மூத்த கடமானும் தலையசைத்தது.

அன்று முதல்தான் அந்த மண்ணிறக் குருவி கரியாய்க் கறுத்துக் கரிச்சான் ஆனது. நடுவில் தூவி பொசுங்கி, ஈர்க்கும் நுனியும் மட்டும் மிஞ்சிய இரண்டு வாலிறகோடு, எந்தக் காட்டில் இருந்தாலும் எல்லோர் குரலிலும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.