கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

ஆசிரியைக்கு வயது முப்பத்தெட்டு, மாணவிக்கு நாற்பத்தாறு. அரசுப் பணியில் இருந்துகொண்டே மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்கு இப்படி அமைவதுண்டு. மாணவி பொற்கொடி, மலைமேல் ஒரு தாலுகா மருத்துவமனையில் பதினாறு வருடம் டாக்டராக இருந்துவிட்டு, மயக்க மருத்துவம் படிக்க வந்தவர்.

அந்த மலையில் மயக்க மருத்துவர் கிடையாது. சிசேரியன் என்றால் ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பிய ஒரு பெண் வழியிலேயே குழந்தையை இழந்தாள். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியது பொற்கொடிதான். அங்கேயே சிசேரியனில் ஒரு குழந்தை பிறந்து அழுவதைக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் அன்றைக்குப் பிடித்தது, பிறகு விடவில்லை.

படிக்கும் மூன்று வருடமும் செய்ததையெல்லாம் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற துறைகளில் ஆறு மாதக் கணக்கை ஒரே மூச்சில் எழுதி நீட்டுவார்கள். ஆசிரியை ஹசீனாவிடம் அந்தப் பருப்பு வேகாது. கண்ணால் பார்க்காத எதிலும் பேனா வைக்க மாட்டார்.

எல்லாப் பக்கமும் நிறைந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே மட்டும் காலி. 'சிசேரியனுக்கு முதுகில் போடும் மயக்க ஊசியை இனி இவர் தனியாகப் போடலாம்.' அந்தக் கையெழுத்து இல்லாமல் தேர்வு எழுத முடியாது. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பொற்கொடி போய்க் கேட்டார். தொண்ணூறு ஊசி போட்டாயிற்று, ஒன்றிலும் நீங்கள் குறை சொல்லவில்லையே என்றார்.

"தொண்ணூறுலயும் நான் பக்கத்துல நின்னேன். நாளைக்கு அடுத்த ரூம்ல இருக்கேன்" என்றார் ஹசீனா.

மறுநாள் வந்த பெண்ணுக்கு முதுகெலும்பு ஒருபக்கமாக வளைந்திருந்தது. வயிற்றில் குழந்தையின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. முதல் முறை ஊசி எலும்பில் தட்டியது. இரண்டாம் முறையும் அப்படியே. கூப்பிட்டால் கையெழுத்து போகும், தேர்வு போகும், மலையும் போகும் என்று பொற்கொடிக்குத் தெரியும். மூன்றாவது ஊசியைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, மேடத்தைக் கூப்பிடச் சொல்லி நர்ஸை அனுப்பினார்.

ஹசீனா வந்து அந்தப் பெண்ணைச் சற்றே திருப்பி உட்காரவைத்தார். ஊசி இறங்கியது. சில நிமிடங்களில் குழந்தை அழுதது. பொற்கொடியும் முகக்கவசத்துக்குள் அழுதார், அது வேறு அழுகை.

மதியம் ஹசீனாவிடமிருந்து பதிவேடு திரும்பி வந்தது. கடைசி வரிக்குக் கீழே கையெழுத்து இருந்தது. பொற்கொடி அதைத் தூக்கிக்கொண்டு ஆசிரியையின் அறைக்குப் போனார்.

"தெரியாம போட்டுட்டீங்க மேடம். இன்னைக்கு நான் உங்களக் கூப்பிட்டேன்."

"ஆமா, கூப்பிட்டீங்க."

"அப்புறம் எப்படித் தனியாப் போடலாம்னு..."

ஹசீனா உட்காரச் சொன்னார். தன் படிப்புக் காலத்திலும் இப்படி ஒரு வளைந்த முதுகு வந்ததைச் சொன்னார். அவருடைய ஆசிரியரும் அடுத்த அறையில்தான் இருந்தார். கூப்பிட வெட்கப்பட்டு ஹசீனா ஐந்து முறை குத்தினார். ஐந்தாவது முறை இறங்கியது. எத்தனை முறை என்று ஆசிரியர் கேட்கவில்லை, அன்று மாலையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"குழந்தை?" என்றார் பொற்கொடி.

"அழல. அடுத்த ரூமுக்குப் போய் சாரைக் கூப்பிடணும்னு இன்னைக்கும் இருக்கு."