தண்ணித் தொட்டிக்கு மேலே நாலு கோடு

உலகம்மைக்கு மூன்று கொழுந்தன்மார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளை; இன்றைக்கு அதை வைத்துக்கொள்வது யார் முறை என்பதில் அவர்களுக்குள் தீராத குழப்பம். மூத்தவர் நம்பிராஜன், நடுவில் குற்றாலிங்கம், கடைசி சிவசைலம். மீசை நரைத்த தடியன்கள். தென்காசியில் உலகம்மை நடத்தும் அப்பளக் கம்பெனிக்கு இவர்கள்தான் விற்பனைப் பிரதிநிதிகள். புருஷனின் தம்பிகளை வேலைக்கு வைப்பதில் ஒரே ஒரு சங்கடம்தான்: நிறுத்த முடியாது.

இவர்கள் கொண்டுவரும் ஆர்டர் சீட்டுகள் சாரலில் நனைந்து, வேட்டியோடு சேர்ந்து துவைபட்டு, ஒருமுறை மாட்டின் வாய்க்குள் பாதி போய்த்தான் அவளிடம் வந்தன. பொறுத்துப் பார்த்த உலகம்மை ஆளுக்கொரு கையடக்க மெஷின் வாங்கிக் கொடுத்தாள். வாடிக்கையாளர் அதில் விரலை வைத்து அமுக்கினால், அடுத்த நிமிஷம் ஆர்டர் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும்.

மெஷின் கம்பெனிக்காரன் டை கட்டிக்கொண்டு வந்து பாடம் எடுத்தான்.

"மெஷினைக் கையை விட்டுக் கீழே வைக்காதீங்க. சிக்னல் நாலு கோடும் நிறைஞ்ச பிறகுதான் ஆர்டர் போடணும். கஸ்டமர்தான் அமுக்கணும், நீங்க அமுக்கக் கூடாது. சரக்கு போய்ச் சேர்ற வரைக்கும் கஸ்டமரோட தொடர்பு விட்டுப்போகக் கூடாது. முக்கியமா, சொந்தமா எதையும் யோசிக்காதீங்க."

கடைசிப் பாடம் மட்டும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அன்று முதல் மூவரும் ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே குளித்தார்கள். சட்டை மாட்டும்போது மெஷின் கைக்குள் நுழையாததால், நம்பிராஜன் மூன்று நல்ல சட்டைகளின் கையைத் தோளோடு வெட்டினார். தூக்கத்தில் நழுவிவிட்டால்?

"கட்டிப்போடுவோம்ணே," என்றார் சிவசைலம்.

"கட்டிட்டா கயிறுல்லா பிடிச்சிருக்கும்? கைதானே பிடிக்கணும்?" என்றார் குற்றாலிங்கம்.

அரைமணி நேர ஆலோசனைக்குப் பிறகு, ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு தூங்குவது என்று முடிவாயிற்று. உலகம்மை பார்த்தாள். எதையாவது சொன்னால் அதையும் செய்துவைப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் சமையல் காண்டிராக்டர் ஐயம்பெருமாளின் ஆவணி முகூர்த்த ஆர்டர். பன்னிரண்டாயிரம் அப்பளம். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஆர்டர் போட்டாப் போட்டது. இல்லேன்னா செங்கோட்டைக்காரன்கிட்ட வாங்கிக்கிடுவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். இந்த ஆர்டர் கைநழுவினால், அப்பளம் இடும் பன்னிரண்டு பெண்களுக்கு ஆவணியில் வேலை இல்லை. உலகம்மையே போயிருப்பாள். ஆனால் வானம் மூடிக்கொண்டு நின்றது. காயப்போட்ட அப்பளத்தை விட்டு எங்கே நகர்வது?

"மெஷின்காரன் சொன்னபடி செய்ங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க," என்று மூவரையும் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினாள்.

பத்து இருபத்திரண்டுக்குக் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. பன்னிரண்டாயிரம்! உலகம்மைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தடியன்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வாழ்நாளில் முதல்முறையாக நினைத்தாள். அடுத்த 'டிங்'கில் இன்னொரு பன்னிரண்டாயிரம். மூன்றாவதும் வந்தபோது அந்த நினைப்பை வாபஸ் வாங்கினாள்.

பதினோரு மணிக்குப் போன். ஐயம்பெருமாளின் பரிசாரகர்.

"அக்கா, எங்க முதலாளியைக் கொஞ்சம் இறக்கிவிடச் சொல்லுங்க."

"எதுலேருந்து?"

"தண்ணித் தொட்டியிலேருந்து."

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனாள். மண்டபத்துக் கொல்லையில் இருபதடி உயரத்தில் சிமெண்டுத் தொட்டி. அதன்மேல், தொந்தியை அணைத்துக்கொண்டு, கோயில் கோபுரத்துப் பூதம் மாதிரி ஐயம்பெருமாள். பக்கத்தில் மெஷினும் கையுமாகச் சிவசைலம். ஏணி செம்பருத்திச் செடிமேல் விழுந்து கிடந்தது.

"என்ன கூத்து இது?"

"அடுப்படியில ஒரு கோடுதான் இருந்தது மதினி," என்றார் நம்பிராஜன் பணிவாக. "மண்டப மாடியில மூணு. நாலாவது கோடு தொட்டிக்கு மேலதான் இருந்தது. ராகு காலம் நெருங்குதேன்னு அண்ணாச்சியே ஏறிட்டாரு."

"மூணு ஆர்டர் எதுக்கு?"

"மெஷின் மூணு இருக்குல்லா? ஒண்ணுல மட்டும் அமுக்கினா மத்த ரெண்டும் சும்மால்லா வரும்?"

"ஏணியை ஏன்யா எடுத்தீங்க?"

"சரக்கு சேருத வரைக்கும் தொடர்பு விடக் கூடாதுன்னாங்கள்லா," என்றார் குற்றாலிங்கம். "அண்ணாச்சி கீழ இறங்கினா ஒரு கோடுதானே? கையில மெஷின் இருக்கு, அதான் காலால தள்ளிவிட்டோம். சாப்பாட்டுக்கு வாளி கட்டி விட்டிருக்கு மதினி. ஆவணி வந்துட்டா இறக்கிரலாம்."

"ஏ உலகம்மா! இறக்கிவிடுதியா, குதிக்கவா?" என்று மேலேயிருந்து கத்தினார் ஐயம்பெருமாள்.

ஏணியைத் தூக்க இரண்டு கை வேண்டும். கீழே நின்ற இருவரின் மெஷின்களையும் உலகம்மை பிடுங்கி, கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டாள். ஏணி நிமிர்ந்தது. ஐயம்பெருமாள் பூமிக்கு வந்தார். வந்த வேகத்தில் கையை நீட்டினார்.

"கொண்டா அந்த மெஷினை! மூணையும் ரத்து பண்ணிட்டுத்தான் மறுவேலை!"

உலகம்மை அவரைப் பார்த்தாள். கையிலிருந்த மெஷின்களைப் பார்த்தாள். பன்னிரண்டு பெண்களும் அவள் மனதுக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அவள் முகத்தில், அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, கொழுந்தன்மாரின் அந்தப் பச்சைப்பிள்ளைக் களை வந்து குடியேறியது.

"தாராளமா பண்ணுங்க அண்ணாச்சி. ஆனா மெஷினை நான் கையை விட்டு விடக் கூடாதாம். ரத்து பண்ணவும் நாலு கோடு வேணும். அது மேலதான் இருக்கு. அதுவும் இப்ப ராகு காலம்."

"ஏறுங்க அண்ணாச்சி, நாங்க பிடிச்சுக்கிடுதோம்," என்றார் குற்றாலிங்கம் ஆசையாக.

ஐயம்பெருமாள் ஏணியைப் பார்த்தார். தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார்.

"முப்பத்தாறாயிரத்தையும் அனுப்பித் தொலை. கேரளாக்காரன் தலையில கட்டுதேன்," என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

உலகம்மை மூச்சு விட்டாள். வீட்டுக்குக் கிளம்பி ஸ்கூட்டியை உதைத்தபோது, பின்னால் 'தொப்'பென்று சத்தம். ஏணி மறுபடி செம்பருத்திமேல்.

"மதினி!" தொட்டிமேல் நின்று சிவசைலம் பெருமையாக மெஷினை ஆட்டினார். "அண்ணாச்சி போனா என்ன? சரக்கு சேருத வரைக்கும் தொடர்பை நான் பாத்துக்கிடுதேன். நாலு கோடும் அப்படியே இருக்கு!"

உலகம்மை வாளியை ஒருமுறை பார்த்தாள். கயிறு கெட்டியாகத்தான் கட்டியிருந்தது.

"நல்லாப் பாத்துக்கிடுங்க," என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.