வலப்பக்கக் கண்ணாடி

“வண்டிக் கண்ணாடியை யாரோ வேணும்னே ஆட்டி விடறாங்க, அம்மா.”

வேதவல்லி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு இருந்தது ஒரே வண்டி. பழைய அம்பாசிடர். பார்த்தவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஓட்டுவது சபாபதி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்று, ஞானம் தேடி வந்தவர். குருவான அம்மாளைவிட வயதில் மூத்த சீடர்.

“திருகாணியை முடுக்கி வைக்கிறேன். மறுநாளே தலை தொங்குது. நேத்து மலை வளைவுல பின்னால வந்த லாரி தெரியவே இல்ல. நீங்க கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீங்க. மயிரிழையில தப்பிச்சோம்.”

“யாருன்னு நினைக்கிறீங்க, சார்?”

சபாபதி குரலைத் தாழ்த்தினார்.

“தங்கபுஷ்பம்.”

கைக்குழந்தையோடு போன மாதம் வந்து சேர்ந்தவள். யாருக்குப் பயந்து ஓடி வந்தாள் என்று சொல்லவில்லை. அம்மாளும் கேட்கவில்லை. வாசலில் வேற்று ஆள் குரல் கேட்டால் போதும், பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

“அவ வந்த பிறகுதாம்மா இப்படி. வண்டியையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறா. என் கண்ணு தப்பாது. முகத்தைப் பார்த்தே டிக்கெட் இருக்கா இல்லையான்னு சொன்னவன் நான்.”

“பிள்ளைகிட்ட டிக்கெட் இருக்கா?”

“கைக்குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லீங்க.”

“அப்போ ஒரு ஆள் மேல சந்தேகம் இல்ல.”

சபாபதி சிரிக்கவில்லை.

“ஆட்டுறது யாருன்னு தெரிஞ்சா, பொழுது சாயறதுக்குள்ள அனுப்பிடணும். வாக்குக் கொடுங்க.”

“அவளுக்குப் போக இடம் இல்லையே, சார்.”

“உயிர் போற விஷயம்மா.”

அம்மாள் ஆய்ந்த கீரையை முறத்தில் போட்டார்.

“சரி. கையும் களவுமாப் பிடிபட்டா, யாரா இருந்தாலும் அனுப்பிடறேன். போய் முடுக்குங்க.”

முடுக்கினார். அம்மாள் வந்து அசைத்துப் பார்த்தார். கல்லாக நின்றது.

“சந்தைக்குப் போகணும். ஏறுங்க.”

பின் இருக்கையில் ஏறிய அம்மாள் கண்களை மூடிக்கொண்டார். புறப்படும் முன் ஜபம். தினமும் உள்ளதுதான். சில நாள் சட்டென்று முடியும். சில நாள் வெயில் ஏறிவிடும். அதுவரை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சபாபதி உட்கார்ந்திருப்பார்.

வேப்பமரத்தில் காக்கை ஒன்று கரைந்தது.

பின்னால் கிணற்றடியில் வாளிச் சத்தம்.

யாரது?

திரும்பினால், பார்க்கிறோம் என்று தெரிந்துவிடும். சபாபதி திரும்பவில்லை. பழகிய கை ஜன்னல் வழியே போய்க் கண்ணாடியைப் பிடித்தது. இறுகியிருந்தது. பலமாகத் திருகினார். சாலை போய்ச் சுவர் வந்தது. சுவர் போய்க் கிணறு வந்தது. இன்னும் கொஞ்சம்.

தங்கபுஷ்பம் வந்தாள். இடுப்பில் பிள்ளை.

அவளும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன் பக்கம் திரும்புவதை, தன் மேல் வந்து நிற்பதை. வாளியை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

“சார்.”

அம்மாளின் கண்கள் திறந்திருந்தன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

சபாபதி அவசரமாகக் கண்ணாடியைச் சாலைப் பக்கம் திருப்பினார். நிற்கவில்லை. அவர் கைக்குள்ளேயே தலை தொங்கியது.

“பொழுது சாய இன்னும் நேரம் இருக்கு,” என்றார் அம்மாள். “யாரை அனுப்பட்டும்?”