பச்சையாய் எரிந்த திரை

பனியன் கம்பெனியில் தண்டபாணி என்றொரு மேனேஜர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பூங்கோதைமேல் அன்று எரிந்து விழுந்தார்.

"தையல் பிரிவுல நெட் இல்லைங்கிற! நெட் இருக்குற இடத்தைப் பச்சையா காட்டுற சுவர்த் திரையில எல்லா இடமும் பச்சையா இருக்கு. பொய் சொல்ற உனக்கு இனி வேலை இல்ல, கிளம்பு!"

"திரைதான் சார் பொய் சொல்லுது. நேத்து நீங்க சர்வர் செட்டிங்கை மாத்தினதுலேர்ந்து, நெட் இருக்கா இல்லையான்னு பாக்குற புரோகிராம் ஓடல. திரையில நிக்கிறது நேத்தைய நிலவரம்."

"என்மேலயே பழி போடுறியா?"

பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய் அவர் கம்ப்யூட்டரின் நெட் கேபிளைப் பிடுங்கினாள்.

"ஏய், என் நெட் போச்சு!"

"எங்க சார் போச்சு? திரையில உங்க ரூமும் பச்சைதானே? நீங்களும் பொய் சொல்றீங்களா?"

ஆபீஸே வாய்பொத்திச் சிரித்தது.

பிடுங்கிய கேபிளைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப நான் கிளம்பவா, செட்டிங்கைச் சரி பண்ணவா?"

தண்டபாணி எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.