ஆறு மதகும் தூங்காத பூதமும்

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி. அந்த ஏரிக்கரையில வரிசையா ஆறு மதகு, ஆறையும் காவல் காக்க ஒரு பூதம். ம் கொட்டு, கொட்டினாத்தான் கதை.

"ம்."

அந்தப் பூதம் ஒரு தடவை தூக்கக் கலக்கத்துல பக்கத்துப் பக்கத்து மதகு ரெண்டையும் ஒண்ணாத் தொறந்துடுச்சு. தண்ணி கொடகொடன்னு பாஞ்சு கரையே பிச்சுக்கிச்சு. ஏரிக்கரை அம்மனுக்கு வந்துச்சு பாரு கோவம்! "அடுத்தடுத்த ரெண்டு தொறக்காம, இந்த ஆறு மதகையும் தொறந்தும் மூடியும் எத்தனை விதமா வைக்கலாம்? சரியாச் சொல்ற வரைக்கும் உனக்குத் தூக்கமே கெடையாது, போ"ன்னுட்டா.

அப்புறம் என்ன, பூதம் தொறக்கும், மூடும். தடால்! புடால்! பாதியில, இப்படி வெச்சோமா இல்லையான்னு மறந்துபோகும். அப்புறம் விதத்துக்கு ஒரு கூழாங்கல்லா வெச்சு எண்ணுச்சு. வெள்ளாடு ஒண்ணு தடதடன்னு வந்து அத்தனையும் கலைச்சுட்டுப் போச்சு.

கீழ வயல்ல செங்கமலம்னு ஒருத்தி. பூதம் பண்ற கூத்துல அவ நாத்து ஒரு நாள் முங்கும், ஒரு நாள் காயும். நாத்து போனா புள்ளைங்களுக்குக் கஞ்சி ஏது? அப்போ வெளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு கரை ஏறினா. பார்த்தா, பூதம் கண்ணு ரெண்டும் கோவைப்பழமாச் செவந்து தேம்பித் தேம்பி அழுவுது. நடந்ததையெல்லாம் சொல்லி, "தூங்கணும் தாயி"ங்குது. பாவம், அவளுக்கு அடிக்கக் கை வரல.

"அழுவாத. பெரிய சுமைன்னா பிரிச்சுத்தான் தூக்கணும். ஒரே மதகுன்னா எத்தனை விதம்?"

"மூடலாம், தொறக்கலாம். ரெண்டு."

"ரெண்டு மதகு?"

"ரெண்டையும் மூடலாம். இல்ல, ஏதாவது ஒண்ணைத் தொறக்கலாம். மூணு."

"மூணாவதா ஒண்ணு வந்து சேருது. அதை மூடி வெச்சா?"

"மத்த ரெண்டும் பழையபடி, மூணு விதம்."

"தொறந்து வெச்சா?"

"பக்கத்துல இருக்கறதை மூடியே ஆகணும். மிச்சம் ஒண்ணே ஒண்ணு, அது ரெண்டு விதம். மூணும் ரெண்டும் அஞ்சு! அடி தாயி!"

"அவ்வளவுதான். முன்னாடி வந்த ரெண்டு கணக்கையும் கூட்டிக்கிட்டே வா."

"நாலுக்கு எட்டு... அஞ்சுக்குப் பதிமூணு..." ஆவ்வ்னு கொட்டாவி வந்துச்சு. "ஆறுக்கு... இருபத்தொண்ணு."

தொப்புன்னு சாஞ்சு, கொர்ர்ர்னு தூங்கிப்போச்சு. செங்கமலம் வெளக்குமாத்தைக் கீழ போட்டா. தலையில சுத்தியிருந்த சும்மாட்டுத் துணியை அவுத்து, பூதத்தோட தலைக்கு அடியில சொருகினா. வைக்கப்போர் மாதிரித் தலை, அந்தத் துணி ஒரு காதுக்குத்தான் எட்டுச்சு. அப்புறம் நாத்துக்கு வேணுங்கற ஒரே ஒரு மதகை, சத்தமே வராம, மெள்ளத் தொறந்துவிட்டா.

ஏழு மதகா இருந்தா எத்தனை, சொல்லு பாப்போம்? ம்? ம் காணோமே!

சரி சரி. கதை ஏரிக்குள்ள போச்சு, நீ போர்வைக்குள்ள போ.