குறை சொல்லாத புகார்

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் இன்றைக்கே கிளம்பிப்போய்ச் சண்டை பிடிப்பீர்கள். நல்ல மனுஷர்தான். ஆனால் மந்திரி திருவேங்கடத்தார் தம் காதில் எதை ஓதினாலும் தலையாட்டிவிடுவார்.

அந்த ராஜ்யத்தில் உப்பு விற்கவும் செக்கு ஆட்டவும்கூட அரண்மனை முத்திரை வேண்டும். ஆற்றில் ஓடம் விடும் முத்திரை யாரிடம் என்கிறீர்கள்? மந்திரியின் மச்சான் மாடப்பனிடம்! வேறு எவனும் துடுப்பைத் தொடக்கூடாது. அவனுடைய ஓடமோ ஒரே ஓட்டை. ஏறுகிறவர்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டே போக வேண்டும். கவிழ்ந்து, நீந்திப் பிழைத்தவர்கள் ஓயாமல் முறையிட, ராஜாவுக்குச் சலித்துப்போயிற்று.

"விடிந்தால் குறை, அடைந்தால் குறை! முத்திரை பெற்றவர்களைப் பற்றி இனி என் சபையில் எவரும் குறை சொல்லலாகாது. நிறை இருந்தால் சொல்லட்டும். மீறினால் கசையடி!" என்று கட்டளையிட்டார். ஓதியவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சபையில் விகடம் பேசும் உலகண்ணன் அன்று அரண்மனைக்குள் நுழையும்போது, வாசலில் குருவம்மாள் என்றொருத்தி தலையில் அடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கரையில என் மகளுக்கு இடுப்புவலி எடுத்திருச்சாம் சாமி. தலைப்பிரசவம். துணைக்கு ஒரு பொம்பளை இல்ல. அந்த ஓடத்துல ஏறினா நான் போய்ச் சேரவே மாட்டேன். குறை சொன்னா தோலை உரிச்சிருவாங்க. நான் என்ன செய்வேன்?"

உலகண்ணன் அவளருகே போனான். "குறை சொன்னால்தானே அடி? வா அக்கா, நிறை சொல்லிவிட்டு வருவோம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று சபைக்குள் போனான்.

மந்திரி முறைத்தார். "உலகண்ணரே, ஒரு குறைச்சொல் வந்தாலும் முதல் அடி உமக்கு."

"சிவசிவா! மாடப்பனாரின் நிறைகளைச் சொல்லவே வந்தோம், அரசே."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "தாராளமாகச் சொல்லும்."

"ஓடம் நிறைய ஓட்டை. ஓட்டை நிறையத் தண்ணீர். ஏறியவர் வயிறு நிறைய ஆறு. கரையில் நிற்கும் இந்த அம்மாளுக்குக் கண் நிறையக் கண்ணீர். இத்தனை நிறை வேறு யாரிடம் உண்டு, அரசே?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மந்திரி துள்ளி எழுந்தார். "அரசே, இவன் ஏய்க்கிறான்! ஓடம் ஓட்டையாக இருப்பது நிறையா? அது குறையல்லவா!"

"கேட்டீர்களா அரசே! மாடப்பனாரிடம் குறை என்று சபையறியச் சொன்னவர் மந்திரியார். நானில்லை. யாரங்கே, கசையை எடுத்து வா!"

மந்திரிக்கு முகம் வெளுத்துப்போயிற்று. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது.

குருவம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சிரிச்சது போதும் ராசா!" என்றாள். "அங்க என் மக கத்திக்கிட்டிருக்கா. அடிக்கணும்னா திரும்பி வந்து வாங்கிக்கிறேன். இப்ப நல்ல ஓடமா ஒண்ணு குடுங்க."

ராஜா தலைகுனிந்தார். பிறகு தாமே எழுந்து, தம்முடைய ராஜ ஓடத்தில் அவளை உடனே அனுப்பச் சொன்னார். மாடப்பனின் முத்திரையைப் பிடுங்கினார். தம் கட்டளையையும் ரத்து செய்தார்.

"உமக்கு என்ன பரிசு வேண்டும், உலகண்ணரே?"

"மந்திரியாரும் மச்சானும் அதே ஓட்டை ஓடத்தில் அக்கரை போய்க் குழந்தை பிறந்த சேதியை வாங்கி வரட்டும். அது போதும், அரசே."

அப்படியே ஆயிற்று. தலைப்பாகையைக் கழற்றித் தண்ணீரை ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டே போனார் மந்திரி. பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம் என்ற சேதியோடு இருவரும் சொட்டச் சொட்ட வந்து நின்றார்கள்.

"ஓடத்தில் ஏதும் குறை உண்டா, மந்திரியாரே?" என்று கேட்டார் ராஜா.

மந்திரி பல் கிட்டிக்க, "நிறைய!" என்றார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி உலகண்ணன் கழுத்தில் போட்டார்.