முப்பத்தேழாம் கேள்வி

மூன்று பேர், ஒரு கேள்வி, மூன்று விதமான விடை. குழப்பத்துக்குக் காரணம் நான். நடந்ததை அப்படியே சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் எழுதிய பிறகு என்னுடையதைப் படியுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் மாணவர்களைப் போட்டித் தேர்வுகளுக்குத் தயார்செய்வது என் வேலை. தர்க்கத் திறன், தரவு விளக்கம், பொது அறிவு. பொது அறிவிலாவது ஆண்டுக்கு ஆண்டு ஏதாவது மாறும். தர்க்கத்தில் பத்தொன்பது வருடமாக அதே வட்ட மேசையைச் சுற்றி அதே எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கு இடப்புறம் யார் என்று நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒவ்வொரு வகுப்பிலும் தவறாமல் ஒன்று சொல்வேன். "தாள்ல என்ன இருக்கோ அதுதான் உலகம். உங்களுக்குத் தெரிஞ்சது, பக்கத்துல இருக்கவன் சொன்னது, எதுவும் உள்ள வரக் கூடாது."

சென்ற ஆண்டு சென்னையில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனம் எங்கள் கல்லூரிக்கு ஓர் இடம் தந்தது. ஆறு மாதம் இலவசமாகத் தங்கிப் படிக்கலாம். முடித்ததும் வங்கி வேலை. ஓர் இடம் மட்டும். யாருக்கு என்பதை முடிவுசெய்ய நான் ஐம்பது கேள்விகளில் ஒரு தேர்வு வைத்தேன். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறானதற்கு ஒன்று குறையும், குறிக்காமல் விட்டால் பூஜ்யம். முதல் பக்கத்தில் வழக்கமான விதியை அச்சிட்டிருந்தேன்: "தாளில் உள்ளதை மட்டும் கொண்டு விடையளிக்கவும். திருத்தம் இருந்தால் கரும்பலகையில் எழுதப்படும்."

தேர்வு தொடங்கிய பிறகுதான் முப்பத்தேழாம் கேள்வியில் ஒரு வரி விடுபட்டிருப்பதைப் பார்த்தேன். மூன்று துறைகளின் தேர்ச்சி விகிதம் நாற்பது, அறுபது, எண்பது சதவீதம். மொத்தத் தேர்ச்சி விகிதம் என்ன என்பது கேள்வி. ஒவ்வொரு துறையிலும் சம எண்ணிக்கையில் மாணவர்கள் என்ற வரி இருந்தால் விடை அறுபது. அது இல்லையென்றால், கடைசியாகக் கொடுத்திருந்த "தரவு போதாது" என்பதே விடை.

"எல்லாரும் கவனிங்க. முப்பத்தேழுல மூணு துறையிலயும் சம எண்ணிக்கைன்னு சேர்த்துக்குங்க" என்றேன்.

கரும்பலகை என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. இரண்டு மாதமாக வலது தோள் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லை. முடியவில்லை என்பதுகூடச் சரியில்லை. மனமில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நிமிடம் இசக்கிதுரை மூச்சு வாங்க ஓடிவந்தான். "பஸ்ஸு வழியிலயே நின்னுட்டு சார்." தாளைக் கொடுத்தேன். இரண்டாம் பெஞ்சில் ஆன்சி கையைத் தூக்கினாள்.

"சார், இவனுக்கு..."

"ஹால்ல பேச்சு கிடையாது" என்றேன்.

திருத்தும்போது மற்ற நாற்பத்தொன்பது கேள்விகளில் மூன்று பேர் சமமாக முன்னால் நின்றார்கள். ஆளுக்கு நாற்பத்து மூன்று மதிப்பெண். முப்பத்தேழுக்கு ரஹ்மத் நிஷா அறுபது என்று குறித்திருந்தாள். என் அறிவிப்பைக் கேட்காத இசக்கிதுரை, தரவு போதாது என்று குறித்திருந்தான். ஆன்சி எதையும் குறிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "நீங்கள் சொன்னதைச் சேர்த்தால் 60. தாளின்படி தரவு போதாது. எதை வைத்துத் திருத்துவீர்கள் என்பது தாளில் இல்லை."

அறுபது சரியென்றால் இடம் நிஷாவுக்கு. தரவு போதாது சரியென்றால் துரைக்கு. எப்படிப் பார்த்தாலும் ஆன்சி இரண்டாவது. கேள்வியையே நீக்கினால் மூவரும் சமம். ஆனால் மாலை ஐந்து மணிக்குள் நான் ஒரு பெயர் அனுப்ப வேண்டும். அந்த இடம் மூவருக்குமே தேவை. அவர்கள் வீட்டு நிலைமையைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள்.

மூவரையும் அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"மூணு வருஷமா நீங்க சொன்னதத்தான் சார் கேட்டேன். அன்னைக்கும் கேட்டேன். அது தப்பா?" என்றாள் நிஷா.

"நான் வரதுக்கு முன்னால சொன்னது எனக்கு எப்படி சார் தெரியும்? என் தாள்ல அந்த வரி இல்லையே" என்றான் துரை.

"பஸ் ரிப்பேராகி ஜெயிச்சவன் ஊர்லயே நீ ஒருத்தன்தாம்ல" என்றாள் நிஷா.

துரை சிரித்துவிட்டான். உடனே நிறுத்திக்கொண்டான்.

"நீ ஏம்மா ரெண்டுல ஒண்ணக் குறிக்கல?" என்று ஆன்சியைக் கேட்டேன்.

"அறுபதுன்னு குறிச்சா, இவனுக்குத் தெரியாதத வச்சு நான் ஜெயிக்கணும். போதாதுன்னு குறிச்சா, நீங்க சொன்னது காதுல விழாத மாதிரி நடிக்கணும். நான் கை தூக்கினேன் சார்."

மணி நாலே முக்கால். காகிதத்தில் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் யார் செய்தது சரி? அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவீர்கள்?

விடை: இசக்கிதுரையின் பெயரை எழுதினேன். முன்பே வந்தவர்கள், பிந்தி வந்தவன் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது முதல் பக்க விதி ஒன்றுதான். அதன்படி, கரும்பலகையில் எழுதாதது திருத்தம் ஆகாது. ஆனால் யார் செய்தது சரி என்று கேட்டால் ஆன்சி என்பேன். அந்த அறையில் பாடம் புரிந்தவள் அவள் ஒருத்திதான். அதற்கு மதிப்பெண் போட என் தாளில் இடமில்லை. நிஷா இழந்தது என்னை நம்பியதால். தவறு என்னுடையது என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். அதனால் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாரத் தேர்விலும் ஒரு பிழை இருந்தது. எழுந்து, "எல்லாரும் கவனிங்க" என்றேன். நிஷா தாளிலிருந்து தலையை உயர்த்தாமலே சொன்னாள்: "போர்டுல எழுதிருங்க சார்."